விமானத்துக்குப் பட்டன் தேர்ந்த வரலாறு

மனிதன் வானில் பறந்த வரலாற்றில் மூன்று ஊர்களுக்குத்தான் நிரந்தர இடம் உண்டு. முதல் இரண்டும் எவை என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது நெருப்பெரிச்சல். இதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. 2007-ஆம் ஆண்டு அங்கே உருவான விமானத்துக்கு போல்ட் தேர்ந்தெடுத்த குழுவில் நானும் ஓர் உறுப்பினன்.

குழுவின் தலைவர் எங்கள் முதலாளி செங்கோட்டையன். பருத்திக் காட்டில் பனியன் கம்பெனி கட்டி, ஐரோப்பியக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்து அனுப்புகிறவர். கண்காட்சிக்காக ஜெர்மனி போனபோது, அங்கே ஒரு பல் மருத்துவர் தன் கார் ஷெட்டில் தானே விமானம் கட்டிப் பறந்ததைப் பார்த்துவிட்டார்.

"பல்லுப் புடுங்கறவன் கட்டறான். நாம கட்டக் கூடாதுங்களா?" என்று கேட்டார்.

கூடாது என்று சொல்வதற்கு எங்கள் கம்பெனியில் பதவி எதுவும் இல்லை.

இறக்கையும் உடலும் எஞ்சினும் அமெரிக்காவிலிருந்து தனித்தனிப் பெட்டிகளில் வந்தன. இணைக்க வேண்டிய போல்ட்டுகளை மட்டும் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். எந்த இடத்துக்கு எந்த போல்ட், எவ்வளவு நீளம், என்ன எஃகு என்று பதினோரு பக்கப் பட்டியல் இருந்தது. மொத்தம் அறுநூற்று நாற்பது.

"வருசத்துக்கு நாலு கோடி பட்டன் வாங்கறவனுக்கு அறுநூறு போல்ட்டு ஒரு சமாச்சாரமுங்களா?" என்றார் முதலாளி.

பட்டன் சட்டையின் இரண்டு பக்கங்களைச் சேர்க்கிறது. போல்ட் விமானத்தின் இரண்டு பக்கங்களைச் சேர்க்கிறது. ஆகவே பொறுப்பு, பட்டனும் ஜிப்பும் வாங்குகிற 'அக்ஸசரீஸ்' பிரிவுக்குப் போனது. இந்தத் தெளிவு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது. அப்பிரிவின் மேலாளர் இந்துமதி. பதினான்கு ஆண்டுகளில் அவர் அனுப்பிய பட்டனில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. தரக் கட்டுப்பாட்டு உதவியாளன் என்பதாலும், மாலை வகுப்பில் மெக்கானிக்கல் டிப்ளமோ படிப்பவன் என்பதாலும் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் கூட்டத்துக்கு இரண்டு மாதிரிகள் வந்தன. ஒன்று, பட்டியலில் கேட்டபடியே கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வரவழைத்தது. மங்கிய மஞ்சள் நிறம். ஒவ்வொன்றின் தலையிலும் குறுக்கே சிறு கோடுகள்.

"என்னங்க இது, தலையில கீறல்?" என்றார் இந்துமதி.

"கீறல் இல்லீங்க மேடம். எவ்வளவு பலம் தாங்கும்கிறதுக்கு அடையாளம். எல்லாத்துலயும் இருக்கும்," என்றார் அதைக் கொண்டுவந்த கோயம்புத்தூர்க்காரர்.

"ஒரு பீஸ்ல இருந்தா அந்த பீஸ் ரிஜெக்ட். எல்லாத்துலயும் இருந்தா லாட்டே ரிஜெக்டுங்க."

நான் முறைப்படி ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். இரண்டாவது மாதிரி உள்ளூர் ஹார்டுவேர் கடையிலிருந்து வந்தது. தலையை வழவழவென்று தேய்த்து, குரோம் முலாம் பூசியிருந்தார்கள். முதலாளி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அம்மிணி, மூஞ்சி தெரியுதுங்க!"

குழு ஒருமனதாகத் தீர்மானித்தது.

அழகு போதும் என்று நாங்கள் நிறுத்திவிடவில்லை. அறுபது டிகிரி வெந்நீரில் பதினைந்து முறை துவைத்தோம், சாயம் போகவில்லை. குழந்தை வாயில் வைத்தால் விஷம் இறங்குமா என்று ஆய்வகத்தில் கேட்டோம்; இறங்காது என்று சான்றிதழ் கொடுத்தார்கள். கடைசியாக இழுவைச் சோதனை. பட்டனை இழுக்கும் கருவியில் போல்ட்டை மாட்டி, குழந்தைச் சட்டை விதிப்படி ஒன்பது கிலோ இழுப்பில் பத்து வினாடி வைத்திருந்தோம். எங்கள் தொழிற்சாலையின் வரலாற்றில் எந்தப் பட்டனும் இவ்வளவு எளிதாகத் தேறியதில்லை.

நட்டு கழன்றுவிடாமல் இருக்க, அதன் துளையில் ஒரு சிறு கம்பி முள்ளைக் கோத்து வளைக்க வேண்டும் என்று வரைபடம் சொன்னது. இந்துமதி அதிர்ந்துபோனார்.

"கூரா எதுவும் இருக்கக் கூடாதுங்க. கொழந்தைக்குக் குத்திட்டா?"

விமானத்தில் குழந்தை இல்லை என்று சொல்ல நினைத்தேன். ஆனால் விதியில் விமானம் என்றும் இல்லை. முள் நீக்கப்பட்டது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை வகுப்பில் ஆசிரியர் போல்ட் பாடம் நடத்தினார். தலையில் அடையாளம் இல்லாத போல்ட்டில் உயிரை நம்பிவிடாதீர்கள் என்றார். உறுதியான எஃகுக்கு முறையில்லாமல் குரோம் பூசினால் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும் என்றார். நான் கடைசி பெஞ்சில் இருந்தேன். சரியாகக் கேட்டேனா என்று உறுதியில்லை. அடுத்த வகுப்பில் கேட்கலாம் என்று குறித்துக்கொண்டேன். அடுத்த வகுப்பில் பற்சக்கரம் தொடங்கிவிட்டார். போல்ட்டைப் பற்றிக் கேட்பது முறையாகப் படவில்லை.

பிறகு, யார் ஓட்டுவது என்ற கேள்வி எழுந்தது. புது அளவில் சட்டை தைத்தால் அதை முதலில் ஒருவருக்குப் போட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதேபோல நிட்டிங் மெஷின் ஃபிட்டர் முனீஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐம்பத்திரண்டு கிலோ, சரியான 'மீடியம்'. என்னைப் போலவே சாத்தூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். மனைவி ரோஸ்மேரி எங்கள் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். பறக்க அனுமதி வேண்டாமா என்று அவள் கேட்டபோது, "பறக்கறதுக்குத்தானுங்க அனுமதி. காட்டுக்குள்ள ஓட்டிப் பாக்கறதுக்கு எதுக்குங்க?" என்றார் முதலாளி.

முனீஸ் என்னை கேன்டீனில் பிடித்துக்கொண்டார்.

"ஏலே மாதவா, நீதாம்ல படிக்கிறவன். என் மெஷினுக்குப் போடுற போல்ட்டுலகூட நம்பர் அடிச்சிருக்கும். இது மொட்டையா இருக்கு. நம்பி ஏறலாமா?"

"லாட் பாஸாயிருச்சுண்ணே. இரண்டரை பெர்சன்ட் வரைக்கும்தான் பழுது இருக்கலாம்."

"அப்படீன்னா எத்தன போல்ட்டு?"

"பதினாறு."

"எந்தப் பதினாறு?"

"அது தெரியாதுண்ணே. சட்டைக்கும் அப்படித்தான்."

"சட்ட கிழிஞ்சா தச்சுக்கிடலாம்ல. வேற எதாச்சும் தெரிஞ்சா சொல்லு. எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைக."

எனக்குத் தெரிந்தது எதுவும் உறுதியானதாக இல்லை. உறுதியில்லாததைச் சொல்லி ஒரு மனிதரைக் கலவரப்படுத்துவது தரக் கட்டுப்பாடு ஆகாது. இறுதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். அதில் 'பாஸ்', 'ஃபெயில்' என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. சந்தேகத்துக்குக் கட்டம் இல்லை.

ஏப்ரல் 29, ஞாயிற்றுக்கிழமை. சமன்செய்த காட்டில் பந்தல் போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். போல்ட்டுகள் வெயிலில் தகதகவென்று மின்னின. முனீஸ் ஏறி உட்கார்ந்தார்.

"பக்கத்து சீட்டு சும்மா கெடக்கே. கையெழுத்துப் போட்டவுகள்ல ஆராச்சும் வாரீகளா?"

"எனக்குப் பிரசருங்க கண்ணு," என்றார் முதலாளி.

"ஒரு பீஸை ரெண்டு பேருக்குப் போட்டுப் பாக்கற வழக்கமில்லீங்க," என்றார் இந்துமதி.

முனீஸ் என் பக்கம் திரும்பினார். நான் படிவத்தில் பக்க எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

விமானம் ஓடியது. யாரும் கேட்டுக்கொள்ளாமலே ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பவும் செய்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது இடது பக்கம் டப், டப் என்று இரண்டு சத்தம் கேட்டது; இறக்கை மடிந்து மேலே போனது. விமானம் போகவில்லை.

முனீஸுக்கு வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. விலா எலும்பு மூன்று. முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது.

"சாம்பிள்லயே தெரிஞ்சுபோச்சு பாத்தீங்களா! இதுக்குத்தானுங்க சாம்பிள் வேணும்ங்கறது."

குழு தன் நடைமுறையைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. அதைப் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முனீஸின் காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ரோஸ்மேரி கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"ஒடிஞ்ச போல்ட்ட மெஷின் ஷாப்புல பாத்தாகளாம்," என்றார் முனீஸ். "கண்ணாடி மாதிரி ஒடிஞ்சிருக்குன்னாக. உனக்குத் தெரியுமாலே?"

"சந்தேகமா இருந்துச்சுண்ணே."

"எப்பலருந்து?"

"மார்ச் ஒன்பதுலருந்து. வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஏழே கால்."

"நான் ஏறுனது ஏப்ரல் இருபத்தொம்பது."

"ஆமாண்ணே. ஐம்பத்தோரு நாள்."

ரோஸ்மேரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். என் கணக்கில் ஒரு நாள்கூடப் பிழையில்லை.