பன்னிரண்டாம் டோக்கன்

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முதல் பாதி பொய்யாகிவிடும் என்பதால் இரண்டாம் பாதியை மட்டும் வைத்துக்கொள்.

உன் அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. போன வாரம் என் தேநீரில் உப்பைப் போட்டாள். பழைய கோபம் ஏதோ பாக்கி என்று நினைத்துக் குடித்துவிட்டேன். பிறகுதான் விஷயம் புரிந்து, அறுவைக்குத் தேதி வாங்க அரசாங்கக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மச்சான், எனக்கு வந்த அதிர்ச்சியை எப்படிச் சொல்வேன்! இப்போது அதை ஒரு கம்பெனி நடத்துகிறதாம். பணம் கட்டித் தங்க அட்டை வாங்கியவர்களுக்குக் கண்ணாடிக் கதவு, நமக்கு சைக்கிள் ஸ்டாண்டு சந்து. எங்கள் டோக்கன் பன்னிரண்டு. பத்து மணிக்குப் பதினொன்றைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு மணிக்கும் பதினொன்றிலேயே நின்றது.

கவுண்டர் பெண்ணிடம் போனேன். "ஏம்மா, பதினொண்ணுக்கு அப்புறம் பன்னெண்டுதானே வரணும்?"

"நீங்க அடிப்படைப் பிரிவு சார். தங்கப் பிரிவு காலியானாத்தான் உங்களைக் கூப்பிடுவோம்."

"கண்ணு எல்லாருக்கும் ரெண்டுதானேம்மா?"

"அட்டை வேற சார்."

முப்பத்தோரு வருஷம் ரேஷன் அட்டை ஆபீசில் டோக்கன் கொடுத்தவன் நான். சொந்தக்காரர் என்றால் கடைசி டோக்கன் என்பது என் வழக்கம். உன் அப்பா சிரித்துக்கொண்டே ஜன்னலோரம் வந்து நின்றபோதுகூட அறுபத்துநாலைக் கொடுத்து வெயிலில் நிற்க வைத்தேன். நீ இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. அந்தக் கை சும்மா இருக்குமா? உன் அக்காவின் மருந்துச் சீட்டு நோட்டைக் கிழித்து எண் போட்டு, இரண்டு வாசலிலும் நின்றவர்களுக்கு வந்த வரிசைப்படி விநியோகித்துவிட்டேன். டை கட்டிய ஒருவர் பதினெட்டை வாங்கிக்கொண்டு நன்றிகூடச் சொன்னார். நர்ஸும் என் எண்படியே கூப்பிட ஆரம்பித்தார். நாற்பது நிமிஷம் அது மறுபடி ஆஸ்பத்திரியாக இருந்தது. வழக்கம்போலக் கடைசி டோக்கன் உன் அக்காவுக்கு. அவள் முறை வரும் நேரத்தில் மேலாளர் ஓடிவந்தார்.

திட்டப்போகிறார் என்று பார்த்தால் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பிரமாதம் சார்! ஒருத்தர்கூட சண்டை போடலை. இதையே தனிப் பிரிவாக் கொண்டுவர்றோம். 'சமவரிசை'ன்னு பேரு. தங்கத்தைவிடக் கட்டணம் கொஞ்சம் கூட."

"எல்லாரும் சமமா நிக்கறதுக்கா?"

"எல்லாருக்கும் குடுத்தா மதிப்பு இருக்காதே சார்!"

என் சீட்டுகளை வாங்கிக் குப்பையில் போட்டார்கள். உன் அக்காவை நாலு மாதம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். அதுவரை அவள் சுவரைத் தடவித்தான் நடக்க வேண்டும். வயிறு எரிகிறது. நீ பத்திரிகையில் இருக்கிறாய். ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், என் பெயரைப் போட்டே இதை அச்சில் ஏற்று.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். எந்த வாசலிலும் அவர்கள் தலைகுனியாமல் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: அச்சில் ஏற்ற வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் மேலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். சமவரிசைப் பிரிவுக்கு நான்தான் மேற்பார்வையாளராம். ஊழியர் குடும்பம் என்பதால் உன் அக்காவுக்கு நாளைக் காலையே அறுவை, கண்ணாடிக் கதவு வழியாக, முதல் ஆளாக. சரி என்று சொல்லிவிட்டேன். உன் அக்கா திட்டவில்லை. தடவித் தடவி வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "அன்னிக்கு எங்கப்பாவுக்கு எத்தனாவது டோக்கன் குடுத்தீங்க?"

மறந்துபோச்சு என்றேன்.