சவுனாவுக்குக் கீழே கடற்புல்

கடலை நேசிப்பவர்கள் உலகெங்கும் இருக்கலாம். ஆனால் கடலை நேசிப்பதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கும் புனிதர்கள், பின்லாந்தின் தென்கரையில் எங்கள் பல்கலைக்கழகத்தின் கடலோர உயிரியல் நிலையத்தில்தான் இருக்கிறோம். நான் அங்கே விரிவுரையாளர். ஆகவே இதை நடுநிலையோடு சொல்கிறேன்.

எங்கள் தலைவி, பேராசிரியர் ஹில்க்கா ரவ்னியோ, ஒரு நாள் அதிர்ச்சியான உண்மை ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆய்வாளர்கள் எல்லோரும் கணினி முன்னாலேயே காய்கிறோம்; கடலோடு 'நெருக்கம்' போய்விட்டது. உடனே குழு கூடியது, காப்பி ஆறியது, திட்டம் பிறந்தது: நிலையத்தின் முன்னாலுள்ள குடாவில் ஒரு மிதக்கும் சவுனா, அதாவது நீராவிக் குளியல் அறை. நீராவியில் வெந்து, அப்படியே கடலில் குதிக்கலாம். சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராய நாட்டிலேயே தகுதியானவர்கள் நாங்கள்தான் என்பதால், அனுமதியை எங்களிடம் நாங்களே கேட்டு, நாங்களே பெருந்தன்மையோடு வழங்கிக்கொண்டோம். அலையில்லாத அழகான இடமாகப் பார்த்து நங்கூரமும் போட்டாயிற்று. அது கடற்புல் வெளிக்கு நேர் மேலே. நாங்கள் பாடம் நடத்துவதே அந்தப் புல்லைக் காட்டித்தான்.

முதுகலை மாணவி அய்னிக்கி அந்தப் புல்லுக்குள் வாழும் குழாய்மீன்களை ஆராய்கிறவள். கடலில் இறங்கும் கெட்ட பழக்கம் அவளை இன்னும் விடவில்லை. கோடை நடுவில் ஒரு நாள் தலை ஈரத்தோடு கூட்டத்துக்கு வந்தாள். மிதவையின் நிழலில் புல் அழுகுகிறது, நங்கூரச் சங்கிலி மிச்சத்தையும் வழித்தெடுக்கிறது, இப்போதே நகர்த்தாவிட்டால் குடாவில் புல்லும் இருக்காது, மீனும் இருக்காது என்றாள்.

இவ்வளவு கனமான விஷயத்தைக் கூட்ட அறையில் பேசுவது முறையல்ல என்று ஹில்க்கா தீர்ப்பளித்தார். எங்கள் நாட்டில் பெரிய முடிவுகளைச் சவுனாவில்தான் எடுப்போம். அங்கே பதவியில்லை, உடையில்லை, முக்கியமாகச் சண்டையில்லை.

பெண்கள் முறை வந்தபோது ஹில்க்கா, அய்னிக்கி, நான் மூவரும் மேல்பலகையில் உட்கார்ந்தோம்.

"ஹில்க்கா, கீழ எல்லாம் செத்துக்கிட்டு இருக்கு," என்றாள் அய்னிக்கி.

ஹில்க்கா ஓர் அகப்பைத் தண்ணீரை எடுத்துச் சூடான கற்களின் மேல் ஊற்றினார். எழுந்த ஆவியில் யாராலும் வாய் திறக்க முடியவில்லை. ஆவி அடங்கியதும் அவள் மறுபடி தொடங்கினாள். அகப்பையும் மறுபடி தொடங்கியது. இதைத்தான் நாங்கள் 'திறந்த கலந்துரையாடல்' என்கிறோம்.

"ஆவியில உக்காந்து தகராறு பண்ணக் கூடாதும்மா," என்றார் ஹில்க்கா கனிவாக. "மனசு லேசாகட்டும்."

"சரி, ஆகட்டும்," என்ற அய்னிக்கி வாளியையே தூக்கிக் கற்களின் மேல் கவிழ்த்தாள்.

சவுனாவிலிருந்து முதலில் எழுந்து ஓடுபவர் தோற்றவர் என்பது எங்கள் வழக்கம். கல்வித்துறையின் இரு தூண்களான ஹில்க்காவும் நானும் ஒரே நேரத்தில் தோற்று, கதவைத் தள்ளிக்கொண்டு கழுத்தளவு நீரில் விழுந்தோம். புல் வருட வேண்டிய கால்களைக் கறுப்புச் சேறு கவ்வியது. அழுகிய முட்டை நாற்றம் குமிழ்குமிழாக மேலே வந்தது.

அய்னிக்கி வாசலில் வந்து நின்றாள். "இப்ப நெருக்கமா இருக்கா?"

ஹில்க்கா வெகுநேரம் காலால் துழாவினார். பிறகு, "நீ சொல்றது நிஜம்தான்," என்றார்.

அய்னிக்கியின் முகம் மலர்ந்தது. பாவம், சின்னப் பெண்.

"ஆனா ஒரே ஒரு மிதவைய வச்சு எப்படி முடிவுக்கு வர்றது? தற்செயலா இருக்கலாம் இல்லையா? குறைஞ்சது மூணு மிதவை வேணும்."

நிதி கேட்ட வேகத்தில் கிடைத்தது. மிச்சமிருந்த புல்லின் மேல் இன்னும் இரண்டு சவுனாக்களை நிறுத்தினோம். குழாய்மீன்கள் காணாமல் போனதால் அய்னிக்கியின் தலைப்பையும் மாற்றிக்கொடுத்தோம். அவளுடைய ஆய்வேட்டுக்கு உயர்ந்த மதிப்பெண் போட்டோம். பட்டம் வாங்கத்தான் அவள் வரவில்லை.

இன்று எங்கள் குடாவில் ஒரு தாள் புல் கிடையாது. ஏன் கிடையாது என்பதை எங்களைவிடத் துல்லியமாக அறிந்தவர்கள் உலகத்தில் இல்லை. அந்தக் காரணத்துக்குள்தான் சனிக்கிழமைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு, மனசு லேசாக உட்கார்ந்திருக்கிறோம்.