எட்டாம் நம்பர் மூட்டைக்குப் பதினொரு சொந்தக்காரர்கள்

பத்திரமாக இருக்கட்டும் என்று நான் எடுத்து வைத்த எந்தப் பொருளும் எனக்கு உருப்படியாகத் திரும்பக் கிடைத்ததில்லை. ரேஷன் கார்டை அரிசி டிரம்மில் வைத்து அரிசியோடு அளந்திருக்கிறேன். கம்மலைப் பழைய மாத்திரை டப்பாவில் வைத்து, டப்பாவைக் குப்பையில் போட்டிருக்கிறேன். இதெல்லாம் கல்யாணத்துக்குப் பிந்தைய சாதனைகள். இந்தத் துறையில் என் அரங்கேற்றம் எண்பதுகளின் கடைசியில், போடியில், ஓர் ஏலக்காய்க் கம்பெனியில் நடந்தது.

மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். அப்பாவுக்கு போடி–தேனி பஸ்சில் கண்டக்டர் வேலை. டிக்கெட் கிழிக்கும்போதே, 'மக கம்ப்யூட்டர் படிச்சிருக்கா' என்று சொல்லிச் சொல்லி, ஒரே மாதத்தில் பள்ளத்தாக்கு முழுவதற்கும் செய்தியைச் சேர்த்துவிட்டார். அதே வாயால் மாப்பிள்ளையும் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். தை மாதம் வரை நான் வேலையில் நிலைத்துவிட்டால் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போடலாம். வேலை போனால் கம்பத்து மாப்பிள்ளை. (மாப்பிள்ளை நல்லவர்தான். அவர் போட்டோவில் அவரைவிட அவருடைய புல்லட் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.)

கம்பெனிக்கு மலையடிவார விவசாயிகள் ஏலக்காய் மூட்டைகளைக் கொண்டுவருவார்கள். சனிக்கிழமை ஏலம். வாங்க வரும் வியாபாரிக்கு இது யாருடைய காய் என்று தெரியக் கூடாது என்பதால் மூட்டையின் மேல் நம்பர் மட்டும்தான் இருக்கும். எந்த நம்பர் யாருடையது என்பது, விவசாயிக்கும் சொல்லப்படாமல், ஒரு நீள நோட்டில் மட்டும் இருந்தது. விலை படிந்ததும் அந்தப் பேரைக் கூப்பிட்டுச் சம்மதமா என்று கேட்பார்கள். முதலாளி வாங்கி, தனியாக ஏசி ரூம் கட்டி வைத்த கம்ப்யூட்டரில் நான் அந்தப் பேர்களை ஏற்றினேன். ஏற்றிய கையோடு, இனி நோட்டு எதற்கு என்று கேட்டு அதையும் ஒழித்தேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். மூட்டை வாயைத் தைக்கும் பேச்சியக்காவின் கோணி ஊசியிலும் என் கண் விழுந்தது. அவருக்கு முப்பது வயதிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு கலர் நூல் வைத்துத் தைப்பார். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று குடோன் முழுக்க மூட்டைகள் ரிப்பன் கட்டிய பிள்ளைகள் போல நிற்கும். எனக்கு அது நாகரிகமாகப் படவில்லை. கம்ப்யூட்டர் இருக்கிற கம்பெனியில் ஒரே மாதிரி நூல்தான் இருக்க வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவரும் சரி என்றுவிட்டார்.

பேச்சியக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாப்பா, அந்தப் பெட்டிக்கு என்னைக்காச்சும் காச்சல் வந்தா என்ன செய்வ?"

அதற்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது என்றேன். இருக்கத்தான் செய்தது. மெஷினை மாட்டிய மதுரை இன்ஜினியர் இரண்டு பாடம் சொல்லியிருந்தார். ஒன்று, ஹார்டு டிஸ்க்கைத் தினமும் சோதித்து, அதில் எத்தனை இடம் கெட்டிருக்கிறது, என்ன சத்தம் வருகிறது என்று குறித்து வைக்க வேண்டும். இரண்டு, வாரா வாரம் எல்லாவற்றையும் பிளாப்பியில் பிரதி எடுத்து வேறோர் இடத்தில், ஈரம் படாமல் வைக்க வேண்டும்.

இரண்டையும் செய்தேன். என் நோட்டுப் புத்தகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அச்சடித்தது போன்ற கையெழுத்து. 'திங்கள்: கெட்ட இடம் 4. சத்தம்: கிர்ர்.' 'வியாழன்: கெட்ட இடம் 11. சத்தம்: கிர்ர், டக்.' அடுத்த வாரம் 26. அதற்கடுத்த வாரம் 58, சத்தம்: கரட் கரட். எண்ணிக்கை ஏற ஏற எனக்குப் பெருமை தாங்கவில்லை. நேற்றுவரை கண்ணில் படாத பழுதையெல்லாம் மெஷின் இன்று கண்டுபிடிக்கிறதே, எவ்வளவு தேறிவிட்டது என்று நினைத்தேன். (சிரிக்காதீர்கள். முதலாளியிடமும் இதைச் சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார்.)

ஐப்பசி மழையில் அடிவாரத்தில் செருப்புகூடப் பூசணம் பிடிக்கும். ஈரம் படாத இடத்துக்கு எங்கே போவது? முதலாளிக்கு மேலே போடிமெட்டுக்கு அப்பால் ஒரு எஸ்டேட் இருந்தது. தினமும் ஜீப்பு போய்வரும். பிளாப்பிப் பெட்டியை ஜீப்பில் ஏற்றி, எஸ்டேட்டில் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட வர்கீஸ் சேட்டனுக்கு ஒரு சீட்டும் எழுதினேன். 'மிக முக்கியம். ஈரம் அறவே படாத இடத்தில் தங்கள் நேரடிப் பார்வையில் வைக்கவும்.' அந்த 'அறவே'யை எழுதியதும் ஒரு தரம் வாய்விட்டுப் படித்துப் பார்த்து ரசித்தது இன்னும் நினைவிருக்கிறது. வாரா வாரம் புதுப் பிரதி மேலே போனது. போனவற்றில் ஒன்றைக்கூடத் திரும்ப வரவழைத்து மெஷினில் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சுவிட்சைப் போட்டேன். ஹார்டு டிஸ்க் இரண்டு தரம் செருமியது. பிறகு பேசவில்லை. நான் வழக்கம்போல நோட்டை எடுத்து, 'வெள்ளி: சத்தம் இல்லை' என்று எழுதினேன். பிறகுதான் எழுதியது என்னவென்று எனக்கே உறைத்தது.

ஆனாலும் பதறவில்லை. மதுரைக்குப் போன் போட்டுப் புது டிஸ்க்கோடு இன்ஜினியரை வரச்சொன்னேன். பிரதியைக் கொண்டுவர ஜீப்பை அனுப்பினேன். முதலாளி, "நாளைக்கு ஏலம் இருக்குத்தா" என்றார். எல்லாம் மலைமேல் பத்திரமாக இருக்கிறது, நீங்கள் காப்பி சாப்பிடுங்கள் என்று அவரையே தேற்றினேன்.

பதினோரு மணிக்கு இன்ஜினியர் வந்து என் நோட்டை ஒரு பக்கம் விடாமல் புரட்டினார்.

"நல்லா எழுதியிருக்கீங்கம்மா," என்றார். "உயிர் போற வரைக்கும் எழுதியிருக்கீங்க."

அந்த நேரத்தில் ஜீப்பு வந்தது. வர்கீஸ் சேட்டன் பெட்டியை மடியில் வைத்தபடி அவரே இறங்கினார். நேரடிப் பார்வையில் என்று நான் எழுதியிருந்தேன் அல்லவா? மூடியைத் திறந்ததும் ஏசி ரூம் முழுக்க ஏலக்காய் மணத்தது. உள்ளே பிளாப்பிகள் நெளிந்து, மடங்கி, ஓரம் சுருண்டு, பொரித்த அப்பளம் அடுக்கியது மாதிரி கிடந்தன.

"ஒரு துளி ஈரம் இல்லா," என்றார் சேட்டன். "டிரையர்ல காயோட காயா தட்டுல வச்சு, தினம் மூணு நேரம் நானே பிரட்டிப் போட்டு. வேற யாரையும் தொட விடல்ல."

அவரைக் குறை சொல்ல முடியாது. ஏலக்காய்க்காரருக்கு ஈரம் என்றால் எதிரி, எதிரிக்கு மருந்து டிரையரின் சூடு. அந்த மலையில் சேலையையும் சாமி படத்தையுமே மழைக்காலத்தில் அங்கேதான் காயவைப்பார்கள். இன்ஜினியர் ஒரு பிளாப்பியை மெஷினுக்குள் செருகப் பார்த்தார். அது பாதி போய் நின்றுகொண்டது. இந்த மாதிரி ஒன்றை என் சர்வீசில் முகர்ந்ததில்லை என்றுவிட்டு அவர் கையைக் கழுவப் போனார்.

கம்பத்துப் புல்லட் சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கியது.

மத்தியானம் முதலாளி விவசாயிகளை வரவழைத்து, அவரவர் மூட்டையை அவரவரே அடையாளம் காட்டச் சொன்னார். ஒவ்வொரு மூட்டைக்கு முன்னாலும் ஒரு தட்டில் சாம்பிள் காய். முதலில் வந்த தேவாரம் ஊர்க்காரர் எல்லாத் தட்டையும் முகர்ந்துவிட்டு எட்டாம் நம்பரில் நின்றார். பச்சைப் பசேல் என்று, கொழுத்த காய். தன் பிள்ளையைத் தனக்குத் தெரியாதா என்றார். அடுத்தவரும் எட்டில் நின்றார். அதற்கடுத்தவர் எட்டைக் கையில் எடுத்ததும் கண் கலங்கினார். மூன்று மணிக்குள் எட்டாம் நம்பருக்கு மட்டும் பதினொரு அப்பன்மார்.

முப்பத்தொன்றாம் நம்பர் பக்கம் ஒருவரும் போகவில்லை. வெளுத்து, வெடித்து, பார்க்கவே பாவமாக இருந்தது. முதலாளி அதில் இரண்டு காயை நசுக்கிப் பார்த்துவிட்டு, "இதக் கொண்டாந்தவன் ஏலக்காய காய வச்சானா, இல்ல வேற சோலி பாத்தானா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்த நிலையிலும் நான்கூடச் சிரித்தேன்.

பிறகு பதினொரு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் கட்டம் வந்தது. முதலாளி என் பக்கம் திரும்பி, சத்தம் போடாமல், நாளை முதல் வரவேண்டாம் என்றார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் ஏசி ரூமுக்குப் போய், செத்த மெஷின் முன்னால் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கதவருகே நிழல் தட்டியது. கோணி ஊசியோடு பேச்சியக்கா நின்றார். தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"பாப்பா, வையக் கூடாது. நீ சொன்ன மாதிரி ஒரே நூல்லதான் தச்சேன். ஆனா உள் மடிப்புல மட்டும், வெளிய தெரியாம, பழைய கலர்ல ஒரு தையல் போட்டுட்டேன். எனக்கு நம்பரு தெரியாதுல்ல."

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. வெட்கமாக இருந்தது. அழுவதை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்துக் குடோனுக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

பேச்சியக்கா ஒவ்வொரு மூட்டையாக வாய் மடிப்பை ஊசியால் நெம்பிப் பார்த்துப் பேரைச் சொன்னார். மஞ்சள் ஒரு தையல், இன்னார். மஞ்சள் இரண்டு தையல், அவர் தம்பி. நாற்பது குடும்பத்தை ஒரு தடுமாற்றம் இல்லாமல் சொன்னார். நான் எழுதினேன். எட்டாம் நம்பரில் பச்சை நூல் இருந்தது. மத்தியானத்திலிருந்து வாயே திறக்காமல் கடைசியில் நின்ற குரங்கணிக்காரர் ஒருவருடையது அது. ஏன் சொல்லவில்லை என்று முதலாளி கேட்டார்.

"நம்மளுதுன்னுதான் நெனச்சேன்," என்றார் அவர். "இத்தன பேரு சொல்லவும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

முப்பத்தொன்றை நெம்பிப் பார்த்த பேச்சியக்கா மடிப்பைச் சட்டென்று மூடிவிட்டு அடுத்த மூட்டைக்கு நகர்ந்தார். முதலாளி அதட்டினார். வெள்ளை நூல். முதலாளியின் சொந்த எஸ்டேட் காய்.

எல்லாருடைய பார்வையும் வர்கீஸ் சேட்டன் மேல் போனது. அவர் தலையைச் சொறிந்தார். பிளாப்பியைத் தினம் மூன்று நேரம் பிரட்டியதில் காயைப் பிரட்ட நேரம் கிடைக்கவில்லை என்பதை அவர் மலையாளத்தில் சொன்னார். அன்று அது எல்லாருக்கும் தமிழாகவே விளங்கியது.

முதலாளி அந்த வெளுத்த காய்த் தட்டை ஓரமாகத் தள்ளினார். பிறகு, சேட்டனும் இருக்கலாம், நானும் இருக்கலாம் என்றும், ஆனால் பேச்சியிடம் கேட்டுவிட்டுத்தான் இனி எதையும் மெஷினில் ஏற்ற வேண்டும் என்றும் தீர்ப்புச் சொன்னார். இன்ஜினியர் புது டிஸ்க்கை மாட்டிவிட்டுப் போகும்போது, அறிக்கையில் பிரதி எங்கே இருக்கிறது என்ற கட்டத்தில் 'குடோன், மூட்டைத் தையல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை ஏலம் நடந்தது. தை மாதம் கம்பத்துப் புல்லட் வேறு பக்கம் போனது. கலர் நூலை வெளியே போட்டே தைக்கலாம் என்று பேச்சியக்காவிடம் நானே போய்ச் சொன்னேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் எதையாவது தொலைத்துவிட்டுத் தேடினால், என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "டிரையர்ல பாத்தியா?" என்பார். (இவருக்குப் புல்லட் கிடையாது. சைக்கிள்தான்.) என் மகன் சென்னையில் இதே கம்ப்யூட்டர் தொழிலில் இருக்கிறான். நான் நோட்டில் எழுதிய சத்தங்களை இப்போது மெஷினே எழுதிக்கொள்கிறதாம். பிரதிகளைக் காக்கும் இரண்டு மெஷின்களுக்கு அவன் பேச்சி ஒன்று, பேச்சி இரண்டு என்று பேர் வைத்திருக்கிறான்.

சித்திரைத் திருவிழாவுக்குப் போடி வந்திருந்தபோது பேச்சியக்காவிடம் இதைச் சொன்னான். எழுபதை நெருங்கிவிட்ட அவர் இன்னமும் மூட்டை தைக்கப் போகிறார். கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டாவது பேச்சி எதுக்குப்பா?" என்றார்.

"மொதப் பேச்சி லீவு போட்டா வேணும்ல ஆத்தா."

பேச்சியக்கா கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

"நான் என்னைக்குப்பா லீவு போட்டேன்?"