முதலிலேயே ஒப்புக்கொண்ட கரடி

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அது புத்தகம் படிக்காது என்பதால் இந்தக் கதையில் அதற்கு வேலை இல்லை. படிக்கிற பிராணிகளெல்லாம் அதே காட்டின் ஓடைக்கரையில், சாய்ந்து கிடந்த ஒரு மருதமரத்தடியில், மாதம் ஒருமுறை வெயில் தாழ்ந்ததும் கூடின. மர்ம நாவல் வாசகர் வட்டம் என்று பெயர்.

வட்டத்தின் தலைவர் முள்ளம்பன்றி ஈட்டியப்பன். எந்தத் துப்பறியும் நாவலானாலும் பாதியிலேயே கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுவதாகச் சொல்வார். கண்டுபிடித்த பெயரை மட்டும் கடைசிப் பக்கம் முடிந்த பிறகுதான் வெளியிடுவார்.

ஆனால் கூட்டம் சேர்ந்தது அவருக்காக அல்ல, மரநாய் பவளக்கொடிக்காக. பழத்தைப் புளிக்கவைத்து ஒயின் போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எந்தக் கதைக்கு எந்த ஒயின், கூட என்ன தின்ன வேண்டும் என்பதெல்லாம் அவள் முடிவு. விஷம் வைத்துக் கொல்கிற கதை என்றால் நெல்லிக்காய் ஒயின். "குடிக்கும்போது ஒரு ருசி, குடிச்சப்புறம் ஒரு ருசி தெரியும்" என்பாள். துரத்தலும் ஓட்டமுமான கதைக்குக் காரப்பொரி. கையும் நிற்காது, பக்கமும் நிற்காது. எல்லாரையும் ஒரே பங்களாவில் உட்காரவைத்து விசாரிக்கிற கதைக்கு, நாள்பட்ட நாவல்பழ ஒயினும் சுட்ட பனங்கிழங்கும். நார் நாராக உரித்துக் கடிப்பதற்குள் இன்னொருவர் மேல் சந்தேகம் விழுந்துவிடும்.

இதையெல்லாம் யாராவது 'சைடிஷ்' என்று சொன்னால் அவளுக்கு மூக்கு விடைத்துவிடும்.

"சைடிஷ்னு சொல்ல இது என்ன சாராயக்கடையா? இதுக்குப் பேரு ஜோடி சேர்க்கிறது. கதைக்கும் நாக்குக்கும் நான் கல்யாணம் பண்ணி வைக்கிறேன்."

முயல் துரைக்கண்ணு அந்தக் கல்யாணத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பிய பிறகுதான் கிண்ணத்தை வாயில் வைப்பான்.

கரடி உடையப்பனுக்குச் சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது. ஆமை மெய்யம்மைதான் அவனுக்கு நாவலைப் படித்துச் சொல்வாள்; கடைசி அத்தியாயத்தை மட்டும் கூட்டத்துக்கென்று விட்டுவைப்பாள். பதிலுக்கு அவன் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்கு வருவான். மெய்யம்மை குடிக்க மாட்டாள், அதிகம் பேசவும் மாட்டாள். ஓடையின் கீழ்ச்சரிவில் தனியாக இருப்பவள். மற்ற முகங்களைப் பார்ப்பது அந்த ஒரு சாயங்காலம்தான் என்பதால், ஒரு கூட்டத்தையும் விட்டதில்லை.

அந்த ஆண்டின் நிறைவுக் கூட்டத்துக்கு 'குளம்படிகள் திரும்பவில்லை' என்ற நாவலை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மான் பண்ணையார் காணாமல் போகிறார், வீட்டில் எல்லார் மேலும் சந்தேகம். பவளக்கொடி இதற்கென்றே இலுப்பைப்பூவில் ஒரு பானை ஒயின் போட்டு, மழைக்காலம் முழுக்க மண்ணில் புதைத்து வைத்திருந்தாள். ஜோடியாக ஒரு முழுத் தேனடை, கொஞ்சம் வறுத்த பலாக்கொட்டை. கொலையாளியின் பெயர் வரும்போதுதான் பானையின் வாயைத் திறக்க வேண்டும் என்று கட்டளை. எல்லாவற்றையும் மரத்தடியில் வைத்துவிட்டு, கிண்ணங்களைக் கழுவி எடுத்துவரப் போனாள்.

கரடியையும் இலுப்பைப்பூவையும் அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. உடையப்பன் மெய்யம்மையை அழைத்துவரத்தான் கிளம்பினான். வழியில் காற்று திசை மாறியது. அப்புறம் அவன் கால்கள் மூக்குக்குப் பின்னால் போயின. பானை காலியாகி, தேனடை இருந்த இலையையும் நக்கி முடித்த பிறகுதான் தான் யார், எங்கே நிற்கிறோம் என்பது அவனுக்கு விளங்கியது. பலாக்கொட்டைக்கு வயிற்றில் இடம் இல்லை. அதைத் தொடவில்லை.

அவன் ஓடவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதான். எல்லாரும் வந்து சேர்ந்ததும் எழுந்து நின்றான்.

"நான்தான் குடிச்சேன். தேனையும் நான்தான் தின்னேன். பவளக்கொடி அம்மா, என்னை மன்னிச்சிருங்க."

பவளக்கொடி காலிப் பானைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். ஆனால் ஈட்டியப்பனின் கண்கள் மின்னின. இத்தனை ஆண்டு புத்தகத்தில் மட்டும் பார்த்த ஒன்று, இதோ, மரத்தடியிலேயே நடந்திருக்கிறது.

"உக்காரு உடையப்பா" என்றார். "இவ்வளவு சுலபமா முடியிற வழக்கு இல்ல இது."

"சுலபம்தான் தலைவரே. நான்தான் குடிச்சேன்."

"முதல் அத்தியாயத்துலயே ஒருத்தன் ஒப்புக்கிட்டா அவன் குற்றவாளி இல்ல. இதுகூடவா தெரியாது?"

பவளக்கொடி கரடியின் வாயருகே முகர்ந்து பார்த்தாள். "இலுப்பை வாசம் இவன்கிட்டேருந்துதான் வருது."

"இவன் தூங்கும்போது யாரோ மேல தெளிச்சிருக்காங்க" என்றார் ஈட்டியப்பன்.

"பானைக்குள்ள கறுப்பு முடி கிடக்கு!" என்று கத்தினான் துரைக்கண்ணு.

"இவ்வளவு முடியை எந்தக் குற்றவாளியும் விட்டுட்டுப் போக மாட்டான். ஆசிரியர் நம்மளைத் திசைதிருப்பப் பாக்கறார்."

"எந்த ஆசிரியர்?" என்று கேட்டான் உடையப்பன்.

அந்த நேரம் பார்த்து மெய்யம்மை வந்து சேர்ந்தாள். கரடி வருவான் வருவான் என்று காத்திருந்து, கடைசியில் தானே நடந்து வந்திருந்தாள். காலெல்லாம் சேறு, மூச்சு வாங்கியது. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பின.

"எப்பவும் கரடி முதுகுல வர்றவங்க இன்னிக்கு ஏன் தனியா?" என்றார் ஈட்டியப்பன்.

"அவன் வரல. நடந்து வந்தேன்."

"ஆமா, நான் போகல! இங்க குடிச்சிட்டிருந்தேன்!" என்றான் உடையப்பன்.

"நீ சும்மா இரு. அவங்களைக் காப்பாத்தப் பாக்கறே."

துரைக்கண்ணுவுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "தலைவரே, அவங்க குடிக்கவே மாட்டாங்களே."

"அதேதான்! குடிக்காதவங்க மேல யாரு சந்தேகப்படுவா?"

"பானை என் தலைக்கு மேல உசரம் தலைவரே" என்றாள் மெய்யம்மை.

"அதனாலதான் பானையில கை வச்சீங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எல்லாருக்கும் உடம்பு சிலிர்த்தது; இப்படி ஒரு சாயங்காலம் அவர்களுக்கு வாய்த்ததே இல்லை. கடைசியில் ஈட்டியப்பன் தொண்டையைக் கனைத்துத் தீர்ப்புச் சொன்னார். இனி மெய்யம்மை வட்டத்துக்கு வரக் கூடாது.

மெய்யம்மை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். உடையப்பன் அவள் பக்கத்தில் மண்டியிட்டான்.

"அக்கா, நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்களாவது என்னைக் காட்டிக்கொடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

ஓட்டுக்குள்ளிருந்து தலை மெல்ல வெளியே வந்தது.

"தலைவரே, போறேன். போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்." கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "குற்றவாளி இந்த மரத்தடியிலதான் உக்காந்திருக்கார்."

ஈட்டியப்பனின் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டன. எல்லாரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"பவளக்கொடி, கையில வேற என்ன இருக்கு?"

"அவசரத்துக்குன்னு வச்ச நாவல்பழ ஒயின் இருக்கு. பனங்கிழங்கு கொஞ்சம் சுட்டிருக்கேன். பலாக்கொட்டை அப்படியே இருக்கு."

"முதல்ல கொட்டையைக் குடு. நான் சொல்றப்ப ஒயினை ஊத்து."

மெய்யம்மைக்கு வேகமாகப் பேச வராது. அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. துரைக்கண்ணுவில் ஆரம்பித்தாள். காட்டிலேயே வேகமான கால் யாருடையது? கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து குடித்துவிட்டுப் போகக்கூடியவர் யார்? துரைக்கண்ணுவின் காதுகள் தொங்கிப்போயின. எல்லாரும் பலாக்கொட்டையை நறநறவென்று மென்றபடி அவனைப் பார்த்தார்கள். "ஆனா படம் எடுக்காம இவன் எதையும் வாயில வைக்க மாட்டான்" என்று அவனை விடுவித்தாள். துரைக்கண்ணு பெருமூச்சு விட்டான்.

"ஊத்து" என்றாள். பவளக்கொடி ஊற்றினாள்.

அடுத்தது ஈட்டியப்பன். முடிவு தெரியாமல் எதையும் தொடங்காதவர், கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர், கடைசிப் பானையை முதலில் திறக்க மாட்டார் என்று என்ன நிச்சயம்? அவருக்குப் புரையேறிவிட்டது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவரையும் விட்டுவிட்டுப் பவளக்கொடிக்கு வந்தாள். பானை எப்போது தனியாக இருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் யார்? பவளக்கொடி ஊற்றிக்கொண்டிருந்த ஒயின் இலைமேல் சிந்தியது.

"ஆனா இவ தன் ஒயினை ஜோடி இல்லாம குடிக்கவே மாட்டா. குற்றவாளி கொட்டையைத் தொடவே இல்ல. தேனை மட்டும் தின்னிருக்கார்." அவள் குரல் தாழ்ந்தது. "இன்னிக்கு ஒரு முதுகு காலியா வந்திருக்கு. என்னைக்கும் அந்த முதுகுல ஒரு சுமை இருக்கும். அது வழியில நின்னு பாத்துட்டிருக்கும்னுகூடத் தோணாத அளவுக்கு ஒரு வாசனை..."

இந்த இடத்தில் அவள் நிறுத்தினாள். எல்லாரும் அது கதைக்காக விட்ட இடைவெளி என்று நினைத்தார்கள். உடையப்பன் மட்டும் தரையைப் பார்த்தான்.

"எல்லார் கிண்ணமும் நிறைஞ்சிருக்கா பவளக்கொடி?"

"நிறைஞ்சிருக்கு அக்கா, சொல்லித் தொலைங்க!"

"கரடி உடையப்பன்."

மரத்தடியே அதிர்ந்தது. துரைக்கண்ணு கைப்பேசியைக் கீழே போட்டான்.

"உடையப்பனா!"

"எதிர்பார்க்கவே இல்ல!"

"பாருங்க, எனக்குப் புல்லரிச்சுப் போச்சு" என்று பவளக்கொடி கையை நீட்டிக் காட்டினாள்.

"எனக்குப் பாதியிலயே தெரியும்" என்றார் ஈட்டியப்பன்.

உடையப்பன் எழுந்தான். "நான்தான் வந்ததுமே சொன்னேனே!"

சலசலப்பு அடங்கியது. எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகமாகச் சுருங்கியது.

"ஆமா, சொன்னே" என்றார் ஈட்டியப்பன் மெதுவாக. "குற்றவாளி யாருன்னு முதல்லயே சொன்னே. இன்னிக்குன்னு புதுசா யாராவது வந்திருந்தா அவங்க கதி என்ன?"

பவளக்கொடி திருட்டை மன்னித்துவிட்டாள். பானையில் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்திருக்கிறானே, அதற்குமேல் தன் கைப்பக்குவத்துக்கு என்ன பாராட்டு வேண்டும் என்றாள். மெய்யம்மையை வெளியேற்றிய தீர்ப்பு அப்போதே ரத்தானது. ஆனால் முடிவை முன்னாலேயே சொன்ன குற்றத்தை யாராலும் மன்னிக்க முடியவில்லை. இனி எந்தக் கூட்டமானாலும், கொலையாளியின் பெயர் வரும்வரை உடையப்பன் வாயில் பனங்கிழங்கை வைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தண்டனை விதித்தார்கள். அங்கேயே ஒரு கிழங்கை எடுத்து வாயில் திணித்தார்கள்.

உடையப்பன் கடித்துப் பார்த்தான். பதமாகச் சுடப்பட்டிருந்தது.

திரும்பும் வழியில் மெய்யம்மை அவன் முதுகில் இருந்தாள். கிழங்கை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு அவன் பேசினான்.

"அக்கா, உங்களை மறந்துட்டேன்."

"தெரியும்."

"அதைச் சொல்றப்ப உங்க குரல் ஒரு மாதிரி ஆச்சு."

"கதைக்காக அப்படிச் சொன்னேன்டா."

அவன் அதை நம்பினானா என்று தெரியவில்லை. ஓடையில் இறங்கும்போது சட்டென்று நின்றான்.

"ஆமா, அந்த மான் பண்ணையாரை யாரு கொன்னது? அதை யாருமே பேசலையே!"

"வாயில கிழங்கு இருக்கா?"

"இருக்கு."

"தீரட்டும், சொல்றேன்" என்றாள் மெய்யம்மை. உடையப்பன் வேகமாக மெல்ல ஆரம்பித்தான்.

நீதி: உண்மை உரைப்போர் முதலில் ஒயின் ஊற்றுக, தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லாத வாக்குமூலம் சபை ஏறாது.