ஆஸ்திரேலியாவில் பௌர்ணமி

"பிரசாத் சார், பதினேழாம் பக்கத்துல பௌர்ணமின்னு ஒண்ணு வருதே, அது என்ன?"

வேலை அனுப்பும் சென்னைக் கம்பெனியிலிருந்து நந்தினி போனில் கேட்டாள். பிரசாத் அறிக்கையைத் திறந்து பார்த்தான். இருந்தது. 'பௌர்ணமி நாட்களில் ஊழியர் வருகை குறைந்து, வேலை பாதியாகிவிடுகிறது.' அவனே எழுதியதுதான்.

"அது தெரியாம வந்துடுச்சு மேடம். எடுத்துடறேன்."

"எங்க எடுக்கறது? போன வாரமே அனுப்பியாச்சு. அவங்க ஏத்துக்கவும் ஏத்துக்கிட்டாங்க."

ஆஸ்திரேலியாவில் ஒரு மாநில அரசின் ஏதோ ஒரு துறைக்குச் செலவு கைமீறிப் போயிருந்தது. பணம் எங்கே வீணாகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல, இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்து ஓர் ஆலோசனை நிறுவனத்தை வைத்தார்கள். அந்த நிறுவனம் வேலையைச் சென்னைக் கம்பெனிக்குத் தள்ளியது. சென்னைக் கம்பெனி, திருவண்ணாமலையில் பைக்கடை மாடியில் ராஜமாணிக்கம் நடத்தும் சின்ன ஆபீசுக்குத் தள்ளியது. ராஜமாணிக்கம் பிரசாத்திடம் தள்ளினார். பிரசாத்துக்குத் தள்ள ஆளில்லை.

அவன் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருந்தது. பௌர்ணமி வந்தால் வண்டியை வெளியே எடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில் நம்மைவிட முன்னாடியே பொழுது விடிந்துவிடுவதால் ஆபீசுக்கு இருட்டோடு கிளம்பியாக வேண்டும். டிபன் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நகர்ந்து அவன் ஊருக்குள் வந்து சேர்வதற்குள் சட்டை பிழிகிற மாதிரி ஆகிவிடும். அப்படி வந்து உட்கார்ந்த ஒரு நாளில்தான், அரசு அலுவலகங்களில் வேலை ஏன் தேங்குகிறது என்று யோசித்து, அந்த வரியை எழுதியிருந்தான்.

"யாரும் கவனிக்க மாட்டாங்க, வுடுப்பா" என்றார் ராஜமாணிக்கம்.

தொழிற்சங்கம் கவனித்தது. அறிக்கை ஊழியர்களை அவமானப்படுத்துகிறது என்று கொடி பிடித்தது. வரிக்கு வரி மறுப்பு எழுத அதுவும் ஒரு நிறுவனத்தை வைத்தது. அந்த நிறுவனமும் குறைந்த செலவில் எழுத ஆள் தேடியது. அடுத்த மாதமே நந்தினி மறுபடி கூப்பிட்டாள்.

"சார், இந்த அறிக்கைய கிழிகிழின்னு கிழிக்கணுமாம். உங்களவிட அத நல்லாத் தெரிஞ்சவங்க யாரு?"

பிரசாத் ராஜமாணிக்கத்திடம் ஓடினான். "சார், இது நியாயமா? நான் எழுதினத நானே தப்புன்னு எழுதணுமா?"

"நீ எழுதினதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பறம் இன்னா?"

வீட்டில் தேவிப்ரியாவிடம் சொன்னான். அவன் மனைவி கீழ்பென்னாத்தூரில் அரசு ஊழியர். சங்கத்தில் பொருளாளர் வேறு. 'தொழிற்சங்கத்தின் பிடியில் நிர்வாகம் திணறுகிறது' என்று முதல் அறிக்கையில் அவன் எழுதியதைப் பார்த்த நாளிலிருந்து வீட்டில் குழம்பு கொதித்ததே தவிர, பேச்சுவார்த்தை இல்லை. மறுப்பு என்றதும் அவள் முகம் மலர்ந்தது.

"எழுதிக்கோங்க. ஆள் கம்மி, வேல ஜாஸ்தி. காலியான எடத்துக்கு ஆள் போடறது கெடையாது. ஆனா ஆலோசனை சொல்றவனுக்கு மட்டும் அள்ளிக் குடுப்பாங்க."

"ஆலோசனை சொல்றவன் நான்தான்டீ."

"உங்களுக்கு எவன் அள்ளிக் குடுத்தான்? எழுதுங்க."

அவள் சங்கக் கூட்டத்தில் பேசுகிற மாதிரியே பேசினாள். அவன் அதை ஆங்கிலத்தில் அடித்தான். அறிக்கையில் அனல் பறந்தது. பதினேழாம் பக்கம் வந்தபோதுதான் கை நின்றது.

"இந்தப் பௌர்ணமிய என்ன பண்றது? அப்படி ஒண்ணு இல்லவே இல்லன்னு எழுதினா, மொதல்ல எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க."

"பௌர்ணமி அன்னிக்குத்தான் ஊழியருங்க ஜாஸ்தி வேல பாக்கறாங்கன்னு எழுதுங்க. எங்க ஆபீஸ்ல அப்படித்தான். பாதி பேரு வர மாட்டாங்க, மீதி பேரு ரெண்டு ஆள் வேல பாப்போம்."

எழுதினான். அதுதான் அடுத்த வினையாகிவிட்டது.

இரண்டு அறிக்கைகளையும் துறையினர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்று ஆமென்றால் மற்றது இல்லை என்றது. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட விஷயம் ஒன்றே ஒன்றுதான்: பௌர்ணமிக்கும் அரசு வேலைக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது. அதை ஆராய ஒரு குழு போட்டார்கள். குழுவுக்குத் தலைவர், தலைவருக்குச் செயலாளர், செயலாளருக்கு ஒரு கார். இந்தச் செலவு எல்லாம் வீண் என்று எதிர்க்கட்சி கத்தியது. வீணா இல்லையா என்று பார்க்கத் தனியாக ஒருவரை நியமித்தார்கள்.

"சார்," என்றாள் நந்தினி, "குழுவுக்கு நிபுணர் அறிக்கை வேணுமாம்."

"மேடம், நான் நிபுணர் இல்ல. நான் அடி அண்ணாமலை."

"அதான் சார் வேணும். பௌர்ணமிய உங்களவிடக் கிட்டப் பாத்தவங்க யாரு?"

பிரசாத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இந்த முறை உண்மையை எழுதிவிடுவது என்று முடிவுசெய்தான். கூட்டம் எங்கள் ஊரில், கோளாறு என் தலையில், உங்களுக்கும் நிலாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தொடங்கி ஒரு பக்கம் அடித்தான். ராஜமாணிக்கம் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"இத அனுப்பினா நாளைக்கு ஆபீஸ இழுத்து மூடணும். ஒனக்கு வேற வேல இருக்குதா?"

இல்லை. பிரசாத் அந்தப் பக்கத்தை அழித்தான். யாருக்கும் வலிக்காமல், எதுவும் நடக்காமல், விஷயம் தானாக அமுங்கிப்போகிற மாதிரி நீட்டி நீட்டி எழுதி, கடைசியில் ஒரு வரி வைத்தான்: 'ஆகவே பௌர்ணமி விஷயத்தில் ஊழியர்களை அப்படியே விட்டுவிடுவது நல்லது.'

விட்டுவிட்டார்கள். லீவு விட்டுவிட்டார்கள். அந்தத் துறையில் எல்லோருக்கும் மாதாமாதம் பௌர்ணமியன்று விடுமுறை அறிவித்தார்கள். போராடிப் பெற்ற உரிமை என்று சங்கம் கேக் வெட்டியது. மின்சாரம் மிச்சம் என்று அமைச்சர் பேட்டி கொடுத்தார்.

தேவிப்ரியாவுக்குத் தாங்கவில்லை. "அங்க எவனும் மலைய சுத்தறதில்ல, அவங்களுக்கு லீவு. இங்க ஊரு ஒலகமே வந்து சுத்துது. பாதையிலயே வீட்ட வெச்சிக்கிட்டு நீங்க ஒருவாட்டியாவது எங்கூட வந்திருக்கீங்களா?"

"பாதி தூரம் மாசாமாசம் போய்க்கிட்டுத்தானே இருக்கேன்."

"டிபன் பையோட போறது கிரிவலமா?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டது அது ஒன்றுதான். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அவள் பக்கத்து வீட்டுச் சந்திரம்மாளோடு போய்வந்தாள். அவன் வந்து படுத்துத் தூங்கினான்.

மறுநாள் தயங்கித் தயங்கி ராஜமாணிக்கத்தின் மேசை முன்னால் போய் நின்றான்.

"சார், பௌர்ணமிக்கு லீவு வேணும்."

எப்போதும் எரிந்து விழுகிறவர், அன்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "எடுத்துக்கோப்பா. அவங்களே லீவுன்னா அன்னிக்கு நமக்கு யாரு வேல அனுப்பப் போறாங்க? இனிமே பௌர்ணமிக்கு ஆபீசே கெடையாது."

பிரசாத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு கூத்துக்கும் நடுவில், கடல் தாண்டி யாருக்கோ எழுதியதில் தனக்கும் ஒரு நன்மை நடந்திருக்கிறதே! அப்போதே தேவிப்ரியாவைக் கூப்பிட்டான். அவள் நம்பவில்லை. இரண்டாவது முறை சொன்னதும் போனிலேயே அழுதாள். சாயந்திரம் அவனுக்குப் புது வேட்டியும் தனக்குப் பூவும் வாங்கி வைத்திருந்தாள்.

பௌர்ணமிக்கு முந்தின நாள். கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு, டிபன் பையை எடுத்துக்கொண்டு, படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தான் பிரசாத். போன் அடித்தது. நந்தினி.

"சார், ஒரு சந்தோஷமான சமாச்சாரம்! அங்க பௌர்ணமிக்கு மொத்த ஆபீசும் லீவு இல்லையா, அன்னிக்கு அவங்க வேலையெல்லாம் பாக்கறதுக்கு வெளியாள் தேடினாங்க. மாசாமாசம் அந்த ஒரு நாள் மட்டும் நீங்க உங்க ஆபீசுக்கு வந்து உக்காந்தாப் போதும்னு உங்க பேர குடுத்துட்டேன்!"