டி.சி. தாமதமான கதை

வத்தலக்குண்டு,
22.8.1984

மெட்ராசில் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போயிருக்கும் என் மகள் அன்புக்கரசிக்கு, அப்பா சடையாண்டி ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். விடுதிச் சாப்பாட்டில் நீ எப்படி இருக்கிறாய் என்பதற்குத் தனியாகப் பதில் போடவும்.

முப்பதாம் தேதிக்குள் பழைய கல்லூரி டி.சி. வராவிட்டால் உன் இடம் போய்விடும் என்று மூன்று கடிதம் எழுதிவிட்டாய். நான் சும்மா இருக்கவில்லையம்மா. முதல் தடவை திண்டுக்கல் போனேன், கிளார்க் லீவு. இரண்டாம் தடவை டி.சி.யில் 'அன்புக்கரசு, மகன்' என்று அடித்துவைத்திருந்தார்கள். "சார், அது பொம்பளப் புள்ள" என்றேன். "பேரு அரசுன்னுதானய்யா இருக்கு?" என்று கிளார்க் என்னையே கேட்கிறார். திருத்தி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தால், அய்யலூர்ச் சந்தையில் வாங்கிய ஆட்டோடு ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்தான், முத்திரை இருந்த மூலையை ஆடு தின்றுவிட்டது. இதற்கு நடுவில், டி.சி. வாங்கப் போகிறேன் என்று கண்டக்டர் ஞானராஜிடம் வாயைவிட்டேன். நம் ஊரில் டி.சி. என்றாலே கல்லூரியை விட்டு விரட்டியதுதானே? பஸ் ஸ்டாண்டே துக்கம் விசாரிக்கிறது. "என்னண்ணே, பாப்பா காப்பி அடிச்சிருச்சா?" என்றாள் பூக்கடை முத்துப்பேச்சி. "மேல படிக்க மெட்ராசுக்கு மாறிப் போயிருக்கு தாயி" என்றேன். "இம்புட்டு நல்ல புள்ளைய அம்புட்டுத் தூரத்துக்கா விரட்டுனாக!" என்று அழுதேவிட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. நாலேகாலுக்கு, நீ கல்லூரி விட்டு வரும் திண்டுக்கல் வண்டி உள்ளே வந்தால், டைம்கீப்பர் நான் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இன்னும் முன்படிக்கட்டைத்தான் பார்க்கிறேன், நீ பையோடு இறங்குவாய் என்று.

உடம்பைப் பார்த்துக்கொள். நம் குலசாமி உனக்குத் துணையிருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: கிளார்க் லீவு இல்லை, பேரிலும் தப்பில்லை, ஆடும் இல்லை. முத்துப்பேச்சி அழுதது மட்டும் நிஜம். போன மாதமே, நான் கேட்கப் போன அன்றைக்கே டி.சி. கொடுத்துவிட்டார்கள். பெட்டியில் உன் தாவணிக்கு அடியில் வைத்திருந்தேன். அது வராவிட்டால் நீ திரும்பி வந்துவிடுவாய் என்று ஒரு நப்பாசை. நேற்று இதை எழுதிவைத்தேன், இன்று காலை உன் அம்மா டி.சி.யைக் கண்டுபிடித்துவிட்டாள். "ஊரு வண்டியெல்லாம் நேரத்துக்கு அனுப்புறீக, பெத்த புள்ளய மட்டும் புடிச்சு நிறுத்துறீகளே!" என்றாள். இத்துடன் ரிஜிஸ்டர் தபாலில் வைத்திருக்கிறேன், தேதிக்குள் வந்து சேர்ந்துவிடும். அதில் உன் நடத்தை 'மிக நன்று' என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவின் நடத்தையை அங்கே யாரிடமும் சொல்லிவிடாதே அம்மா.