அடுத்தவர் ராஜினாமா

தொழில் தொடங்குகிறவர்கள் ஒரு ரகம். தொடங்கப் பயப்படுகிறவர்கள் இன்னொரு ரகம். முதல் ரகத்தாருக்கு இதைப் படிக்க நேரமிருக்காது. இரண்டாவது ரகம் நானே, என்னை நானே கிழித்துக்கொள்ள எனக்கென்ன பைத்தியமா? இன்று நான் கையைப் பிடித்து இழுத்துவந்து உங்கள் முன்னால் நிறுத்துவது மூன்றாவது ரகத்தை. இவர் எந்தத் தொழிலும் தொடங்கமாட்டார். உங்களைத் தொடங்கவைப்பார். உங்களுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும் முதலாளியைத் தட்டி எழுப்பி, முகம் கழுவிவிட்டு, நீங்கள் பார்க்கிற வேலையை விடவைத்து, நடுத்தெருவரை கூடவே வந்து நிறுத்திவிட்டு, "ஐயய்யோ, ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று தன் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடுவார்.

இவரைத் தேடிப் போக வேண்டாம். நீங்கள் எதையாவது கொஞ்சம் ஒழுங்காகச் செய்தால் போதும், மோப்பம் பிடித்து வந்துவிடுவார். சுவரில் ஒரு ஆணியை நேராக அடித்திருப்பீர்கள். பிள்ளையின் நோட்டுக்குச் சுருக்கமில்லாமல் அட்டை போட்டிருப்பீர்கள். அவர் அதைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அரை நிமிஷம் கண்ணை மூடுவார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?" என்பார். நீங்களும் விவரம் புரியாமல் "சொல்லுங்க" என்பீர்கள். அவ்வளவுதான், தீர்ந்தது கதை.

"நீங்க இருக்க வேண்டிய இடமே இது இல்லீங்க!"

எங்கள் குடும்பத்தில் இந்த ரகத்தின் முழுமையான மாதிரி ஒருவர் இருக்கிறார். என் சகலை. அதாவது என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். குடிநீர் வரி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே மேசை, ஒரே நாற்காலி, அதன்மேல் ஒரே துண்டு. வெளியே கிளம்பினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரமாட்டார், காற்று அடிக்குமாம். புதுக் கடையில் முடி வெட்டிக்கொள்ளக்கூடத் துணியாதவர். ஆனால் அடுத்தவன் விஷயம் என்று வந்துவிட்டால், அடேயப்பா, என்ன துணிச்சல்! ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

பல் பிடுங்கப் போன இடத்தில், வாயில் பஞ்சோடு, பல் டாக்டரைப் பார்த்து, "உங்க கை எவ்வளவு லேசு! வாட்ச் ரிப்பேர்ல இறங்கினா எங்கேயோ போயிடுவீங்க" என்றவர் இவர். ஒரு துக்க வீட்டில், உள்ளே பிணம் இன்னும் எடுக்கவில்லை, வெளியே நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருப்பதைப் பார்த்து, "யாரு போட்டது?" என்று விசாரித்து, இறந்தவரின் மருமகனைத் தனியே கூட்டிப்போய், "உனக்குள்ள ஒரு பெரிய நிர்வாகி இருக்கான் தம்பி, அழுது வீணாக்காத" என்றவரும் இவரே. அந்த மருமகன் அதன்பிறகு அழவே இல்லை. நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தொழில் தொடங்க என்னென்ன குணம் வேண்டும் என்பது இவருக்கு அத்துப்படி. துணிச்சல், பொறுமை, விடாமுயற்சி, கற்பனை, பேச்சு. இவற்றில் ஏதாவது ஒன்றாவது இல்லாத மனிதன் உலகத்தில் உண்டா? அதுதான் இவருடைய மூலதனம். எதிர்வீட்டுக்காரர் காலையிலிருந்து மாலைவரை வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பார். இவர் பாஷையில் அது பொறுமை. வீட்டுப்பாடம் எழுதாததற்கு என் மகள் தினம் ஒரு பொய் சொல்வாள், அது கற்பனை. மின்விசிறியை மூன்று முறை கழற்றியும் ஓடவைக்க முடியாமல் நான்காம் முறையும் ஏணியோடு வந்தார் எலக்ட்ரீஷியன். நான் கதவைச் சாத்தப் போனேன். சகலை என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்கலங்க, "இதுதாங்க விடாமுயற்சி" என்றார்.

குணத்தைக் கண்டுபிடித்த கையோடு கணக்குக்கு வருவார். அவர் கணக்கில் ஊரிலுள்ள அத்தனை பேரும் உங்கள் கடை வாசலில் நின்றாக வேண்டும். அப்புறம் கடைக்குப் பெயர். பெயர் வைத்துவிட்டால் தொழில் முக்கால்வாசி முடிந்த மாதிரி. மிச்சம் கால்வாசி, பலகைக்கு என்ன நிறம் என்பது. இடம், சாமான், ஆள் எல்லாம் சில்லறை விஷயம், அதை நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதுவரை சிரித்தீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அவர் என் மச்சினியைப் பிடிக்கிறவரை.

மச்சினி, என் மனைவியின் தங்கை, ஒரு ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு அறையில் வேலை பார்க்கிறாள். அப்போது எட்டு வருஷமாகத் தற்காலிக வேலை. நாலைந்து மாதத்தில் நிரந்தர ஆணை வந்துவிடும் என்று கண்காணிப்பாளரே சொல்லியிருந்தார். அவள் கணவர் வேன் ஓட்டுகிறார். சவாரி இருந்தால் வருமானம், இல்லாவிட்டால் வேனைத் துடைப்பார். ஆகவே வீட்டு வாடகையும் மகளின் கல்லூரிப் படிப்பும் இவள் சம்பளத்தில்தான் ஓடுகின்றன. இந்தப் பெண்ணுக்கு ஒரு கைப்பழக்கம். டிஸ்சார்ஜ் ஆகிப் போகிறவர்கள் துணி, மருந்து, ஃபிளாஸ்க் எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்து, ஜிப் பிய்ந்து, வராந்தாவில் விழித்துக்கொண்டு நிற்பார்கள். இவள் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு குறடும் ஊசிநூலும் எடுத்துவந்து, ஜிப்பை இழுக்கும் ரன்னரை இரண்டு தட்டுத் தட்டி, பல்லில் பல் மாட்டி, சர்ரென்று மூடிக் காட்டிவிடுவாள். கைப்பிடி அறுந்திருந்தால் அதையும் தைத்துவிடுவாள். இதைத் திறமை என்றே அவள் நினைத்ததில்லை. பாவம், நிம்மதியாக இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் சகலையின் பயணப் பை வாயைப் பிளந்தது. மச்சினி இரண்டு நிமிஷத்தில் மூடிக் கொடுத்தாள். அவர் பையை வாங்கினார். திருப்பினார். வெளிச்சத்தில் பிடித்தார். கண்ணை மூடினார்.

"ஒண்ணு சொல்றேம்மா, தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"சொல்லுங்க மாமா."

"இந்த ஊர்ல பத்து லட்சம் பேரு. ஆளுக்கு ரெண்டு பை. பைக்கு ரெண்டு ஜிப்பு. நாப்பது லட்சம் ஜிப்பும்மா! அத்தனையும் என்னைக்காவது பிய்யத்தானே போகுது? நீ என்னடான்னா அங்க தூசியில உக்காந்து ஃபைல் அடுக்கிட்டு இருக்கே!"

மூன்று மாதம் விடவில்லை மனுஷன். காலையில் ஃபோன், மாலையில் ஃபோன். ஆஸ்பத்திரித் தெருவிலேயே ஒரு சின்ன அறை காலியாக இருப்பதாகக் கண்டுபிடித்துச் சொன்னார். அறைக்காரர் திங்கட்கிழமைக்குள் பதில் கேட்கிறார் என்றும் அவசரப்படுத்தினார். "பயந்தா ஆகுமா? நிரந்தரம் வந்துட்டா அப்புறம் உன்னால வெளிய வரவே முடியாதும்மா, கால்ல கல்லைக் கட்டின மாதிரி" என்று சொன்னார். யார்? அந்தக் கல்லைப் பட்டுத் துணியில் சுற்றி இருபத்திரண்டு வருஷமாக மடியில் வைத்துக் கொஞ்சுகிறவர்!

நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லி, அவள் வேறு யாராவது அப்படிக் கடை போட்டுப் பணக்காரராவதைப் பார்த்தால், ஆயுசுக்கும் என்னைத்தான் சொல்லிக்காட்டுவாள். கடை விழுந்தால் பழி சகலைக்கு. நின்றால் என் வீட்டுப் பைகளுக்கெல்லாம் இலவசம். இதில் நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? என் மனைவி மட்டும் இரண்டு ராத்திரி தூங்காமல், "அவ பொண்ணு படிப்பு என்னங்க ஆகும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

பதில் சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிறு, எல்லோரும் என் வீட்டில் கூடியிருந்தோம். மச்சினி கைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ராஜினாமா எழுதிட்டேன் மாமா."

"சபாஷ்!" என்று சகலை தொடையில் தட்டினார். "இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். அது என்ன, ரெண்டு காப்பியா?"

"இல்ல மாமா. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. நான் ரிப்பேரைப் பாப்பேன். வர்றவங்ககிட்ட பேச ஆள் வேணும்ல? உங்களை மாதிரி பேச யாரால முடியும்? நாளைக்கு ரெண்டு பேரும் ஒண்ணாவே குடுத்துடலாம். இங்க ஒரு கையெழுத்து." அவர் முன்னால் ஒரு பேனாவையும் வைத்தாள்.

திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தார் சகலை. அவர் மனைவி, இருபது வருஷமாக இந்தக் காட்சிக்காகவே காத்திருந்தவள்போல், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சகலை தண்ணீர் கேட்டார். குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டார்.

"அதெல்லாம் சரிம்மா… ஆனா…"

பத்தொன்பது வருஷப் பழக்கம். அவர் வாயிலிருந்து 'ஆனா' என்ற சொல்லை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன்.

"ஆனா என்ன மாமா?"

"இல்ல… இப்பல்லாம் யாரும்மா பையைத் தைக்கிறாங்க? பிஞ்சா தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிடுறான்."

"நாப்பது லட்சம் ஜிப்புன்னீங்களே?"

"அது ஒரு பேச்சுக்குச் சொல்றது. அப்புறம் அந்த ரூமு, மழை பெஞ்சா முழங்கால் வரைக்கும் தண்ணி நிக்கும். நானே பாத்திருக்கேன்."

"சரி. என்கிட்ட என்ன குறை மாமா? அதையும் சொல்லிடுங்க."

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. மூன்று மாதமாக 'விடாமுயற்சி' என்று பெயர் சூட்டியிருந்தவர், "உனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. உன் மனசுக்குத் திருப்தியா வர்ற வரைக்கும் பொருளைக் கையை விட்டுக் குடுக்க மாட்டே. ஒரு பைக்கு ஒரு நாள் ஆனா எந்தக் கடை தாங்கும்?" என்றார். பொறுமை என்று புகழ்ந்தது எல்லாம் மந்தம் ஆயிற்று. நல்ல மனசு, வியாபாரத்துக்கு உதவாத மனசு ஆயிற்று. "நீ வாயைத் திறந்து காசு கேக்க மாட்டேம்மா. இத்தனை வருஷமா அந்த வராந்தாவுல ஒருத்தர்கிட்டயாவது வாங்கியிருக்கியா? தெரிஞ்சவங்க எல்லாம் பையைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க. உன்னால இல்லைன்னு சொல்ல முடியாது. மூணே மாசம், இழுத்து மூடிட்டு உக்காந்துடுவே!"

மூச்சு வாங்க நிறுத்தினார். அப்போதுதான் கவனித்தேன். அவருக்கென்று எழுதிவந்த ராஜினாமாவைத் திருப்பிப்போட்டு, அதன் முதுகில் மச்சினி தன் பேனாவால் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தாள். தண்ணி நிக்கும். கையை விட்டுக் குடுக்க மாட்டேன். காசு கேக்க மாட்டேன்.

"எழுதவா செய்றே?" என்றார் அவர், பேயறைந்தவர்போல்.

"எல்லாம் கரெக்ட் மாமா. ஒண்ணுகூடத் தப்பில்ல. இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க, மூணு மாசமா ஏன் மாமா சொல்லல? பயத்துல ராத்திரி ராத்திரி எழுந்து வாடகைக் கணக்கையே போட்டுப் பாத்துட்டு இருக்கேன். இவரு வேனுக்குள்ள போய் உக்காந்து அழுறாரு. நீங்க கையெழுத்துப் போடணும்னு வந்தப்பதான் உங்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்துச்சா?"

அவள் குரல் உடைந்தது. வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. கேள்வி அவருக்கு என்றாலும் உறைத்தது எனக்கும்தான். சகலை, அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருந்த பேனாவை மட்டும் மெதுவாகத் தன்னிடமிருந்து தள்ளிவைத்தார்.

மறுநாள் அவள் ராஜினாமா கொடுக்கவில்லை. அறையும் எடுக்கவில்லை. அடுத்த மாதம் நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டாள். சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிறும் மட்டும், தண்ணீர் தேங்காத மேட்டுத் தெருவில், ஒரு சலவைக் கடை ஓரமாக மேசை போட்டிருக்கிறாள். கூலியை முதலில் வாங்கிக்கொண்டுதான் பையைத் தொடுகிறாள். வாங்குகிறவர் வேன்காரர், அவருக்கு இந்த விஷயத்தில் தயவுதாட்சண்யமே கிடையாது. என்னிடமும் வாங்கினார். ஒரு வருஷம் பார்த்துவிட்டு மேற்கொண்டு யோசிப்பார்களாம். சகலை அந்தப் பக்கம் போகிறவர்களிடமெல்லாம், "நான் அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டா?" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். இப்போது சலவைக் கடைக்காரரின் மடிப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

என்ன, முகம் ஒரு மாதிரி போகிறதே? சப்பென்று முடிந்துவிட்டதா? கடிதத்தைக் கண்காணிப்பாளர் மேசைமேல் விசிறி அடித்துவிட்டு வந்து, மூன்று மாடிக் கட்டடம் கட்டி, பத்துப் பேருக்கு வேலை கொடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தீர்களா? "துணிஞ்சு இறங்கியிருக்கணும் சார், அந்தப் பொண்ணுகிட்ட அது இருக்கு" என்று இப்போது மனசுக்குள் சொன்னீர்களே, என் காதில் விழுந்தது. நல்ல யோசனைதான். அவள் மகளுக்கு இந்தப் பருவக் கட்டணத்தை நீங்கள் கட்டிவிடுகிறீர்களா?

என்ன, உங்களுக்கும் ஆபீஸுக்கு நேரமாகிவிட்டதா?